பாடம் வந்தது, கை வரவில்லை

சின்னவள் பிளஸ் டூ முடித்த ஆண்டு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். வயது 46. படிப்பு ஏறுமா என்றுதான் பயந்தேன். அது ஏறியது, கைதான் வரவில்லை. 23 வருடமாக மளிகைச் சீட்டும் பிள்ளைகளின் விடுப்புக் கடிதமும் தவிர கையால் நான் எதையும் எழுதியதில்லை.

மூன்று மணி நேரத் தேர்வு. ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 சொற்கள். அப்படியென்றால் ஒரு விடைக்கு 36 நிமிடம். ஜூன் தேர்வில் மூன்றாவது விடையிலேயே கட்டைவிரல் மரத்துவிட்டது. ஐந்தாவதைத் தொடவே இல்லை. பதில் தெரிந்தும் எழுத முடியாமல் போனதை நினைத்து அன்றிரவு அழுதேன்.

அப்புறம் கையைப் பழக்க ஆரம்பித்தேன். விடிகாலையில், பால் வருவதற்குள், பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கேள்வி. முதல் இரண்டு வாரம் நேரம் பார்க்கவில்லை. பிறகு செல்போனில் 35 நிமிட அலாரம். அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் பேனாவை வைத்துவிட வேண்டும். மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான், அதிகம் உதவியதும் இதுதான். பால்பாயின்ட் பேனாவை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் எனக்கு. ஜெல் பேனாவுக்கு மாறியதும் விரல் வலி பாதியாகக் குறைந்தது. ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் ஒரே மூச்சில். மகள்தான் கண்காணிப்பாளர், அவள் அப்பாவைக்கூட அறைக்குள் விடமாட்டாள்.

டிசம்பரில் ஐந்து விடைகளையும் எழுதி முடித்தபோது, திருப்பிப் படித்துப் பார்க்க ஆறு நிமிடம் மிச்சமிருந்தது.