காட்டுச் சாலையில் ரேடியேட்டர் ஒழுகினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் கிளம்பும் மோட்டார் சைக்கிள் குழுக்களுக்குப் பிடித்த சாலைகள் பெரும்பாலும் உதவி எளிதில் வந்து சேராத சாலைகள். கோல குபு பாருவைத் தாண்டி, சுங்கை சிலாங்கூர் அணையை ஒட்டிப் பிரேசர் மலைக்கு ஏறும் பாதை. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போய், லோஜிங் வழியாகக் குவா மூசாங்கில் இறங்கும் பாதை. பினாங்குக்காரர்களும் நம்மவர்களும் சந்தித்துக்கொள்ளும் கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை 110 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே முன்சக்கரம் தூக்கி அடித்த ஒரு கல் ரேடியேட்டரில் பட்டு, பச்சைத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதை வைத்துத்தான் எஞ்சின் பிழைப்பதும் பிழைக்காததும்.

ஓட்டை விழுந்த ரேடியேட்டரை மாற்றினால் செலவு அதோடு நின்றுவிடும். தண்ணீரில்லாமல் ஓட்டி, சூட்டில் சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வளைந்து, ஹெட் கேஸ்கெட் (அதன் அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய், பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். கோலாலம்பூரின் செந்தூல் பக்கத்துப் பட்டறைகளுக்கு லாரியில் வந்து இறங்கும் எஞ்சின்களைப் பாருங்கள். ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டைதான் இருக்கும். மீதிச் சேதமெல்லாம் அவசரத்தால் வந்தது.

"அடுத்த பெட்ரோல் நிலையம் வரைக்கும் போயிடலாம்"

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ஒய் சுக்கு (யமஹா ஒய்15), ஆர்எஸ்150, எல்சி135 போன்ற காப்சாய்களில் (சின்ன மோட்டார்களில்) ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் சேர்த்து ஓடும் தண்ணீர் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதில் பாதி போய்விட்டால் மலையேற்றத்தில் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. பெரிய மோட்டார்களில் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு, அவ்வளவுதான்.

"மீட்டர்ல சூடு ஏறலையே அண்ணே, அப்புறம் என்ன?" என்று தம்பிமார் கேட்பார்கள். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருக்கும்போதுதான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றையும் ஆவியையும்தான் அளக்கிறது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் சாதாரணமாக இருக்கலாம், சில நேரம் இறங்கியும் காட்டலாம். ஒழுகுவது கண்ணில் பட்டுவிட்டால் மீட்டரை நம்ப வேண்டாம்.

இன்னொரு ஆபத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கூலண்ட் என்னும் அந்தப் பச்சைத் தண்ணீர் வழுவழுப்பானது. அது காற்றில் பின்னுக்குப் பறந்து பின்சக்கரத்தில் படிந்தால், பிரேசர் மலை அடிவாரத்தில் உள்ள கேப் நோக்கி ஏறும் அந்தக் குறுகிய வளைவுகளில் டயர் பிடி விட்டுவிடும். நிறுத்தியதும் டயரைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

நிறுத்தும் இடம் வளைவாக இருக்கக் கூடாது. நேரான, அகலமான ஓரம் வரை எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போங்கள், நண்பர்கள் தள்ளட்டும். கிரிக் சாலை என்றால் இருட்டுவதற்குள் முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். அது யானைகள் கடக்கும் சாலை, மாலைக்குப் பிறகு ஓரத்தில் உட்கார்ந்து பசை தடவும் இடமல்ல. முடியாது என்று தோன்றினால் மோட்டாரை லாரியில் ஏற்றுவதுதான் சரி.

மூடியில் கை வைக்காதீர்கள்

பெரும்பாலான மோட்டார்களின் ரேடியேட்டர் மூடி சுமார் 1.1 பார் அழுத்தம் வரை தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே இருக்கும் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் பொங்கி முகத்துக்கு வரும். துணி போட்டுத் திறந்தாலும் கை வேகும். அரை மணி நேரமாவது காத்திருங்கள், நம்ம ஊர் வெயிலில் அதற்கு மேலும் ஆகும். ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறதா, மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும்.

அந்த அரை மணியைக் குறைக்க எஞ்சின் மேல் ஆற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொதிக்கும் அலுமினியத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கும். வளைவதும் விரிசல் விடுவதும் அப்படித்தான். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை நிரப்புவதும் இதே கெடுதியைச் செய்யும்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் பசை தடவுவது

காத்திருக்கும் நேரம் கண்டுபிடிக்கும் நேரம். ஈரம் இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. ஓடும்போது காற்று தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும், நின்ற பிறகு அது கீழே வழியும். ஆகவே ஈரத்தின் மிக உயரமான, மிக முன்பக்கமான இடத்திலிருந்து தேடுங்கள். ஃபின்களில் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில்) காய்ந்த பச்சை அல்லது வெள்ளைக் கறை இருந்தால் அந்தக் கசிவு இன்று தொடங்கியதல்ல.

பல நேரங்களில் ரேடியேட்டரில் குற்றமே இருக்காது. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து, அழுத்தம் பிடிக்காமல், மிகுதித் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் கூலண்ட் பாட்டிலுக்குத் தள்ளி அங்கிருந்து வழிந்திருக்கும். இதற்கெல்லாம் எபோக்சிப் பசை எதற்கு?

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அது வழியாகச் சொட்டினால் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையைத் தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார், சீலைத் தாண்டி வரும் தண்ணீர் ஆயில் பக்கம் போகாமல் வெளியே போகட்டும் என்று. அதை ஓட்டை என்று நினைத்து எபோக்சியால் அடைத்தால், வெளியேற வழியில்லாத தண்ணீர் அடுத்த சீலைத் தாண்டி ஆயிலில் கலக்கும். பார்ப்பதற்குச் சொட்டு நின்றது போலத்தான் இருக்கும், பேரிங் போகும்வரை. அந்தத் துளையைத் தொடாதீர்கள். மெதுவாகச் சொட்டினால் அடிக்கடி நின்று தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகலாம்.

பிறகு ஆயிலைப் பாருங்கள். ஆயில் கம்பியிலோ கண்ணாடியிலோ தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கித் தெரிந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதற்கு மேல் எஞ்சினை முடுக்கவே கூடாது. தொலைபேசியில் யார் கேட்டாலும் எங்கள் குழுவின் மூத்த ஃபோர்மேன் (மெக்கானிக்) முதலில் சொல்வது, "தம்பி, ஓட்டையை அப்புறம் பார்ப்போம், முதல்ல ஆயிலைப் பாரு" என்பதுதான்.

பசை வேலையில் நடக்கும் தவறுகள்

ஹோஸ் வெடித்திருந்தால் வேலை எளிது. கிளிப் பக்கத்தில்தான் பெரும்பாலும் வெடிக்கும். நீளம் இடம் கொடுத்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் என்றால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் கேபிள் டை போடுங்கள். சாதாரண டேப் சூட்டில் வழுக்கிவிடும். கிளிப்பை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், ஹோஸை அறுத்துவிடும்.

ரேடியேட்டரிலேயே ஓட்டை என்றால் நிதானம் வேண்டும். இன்றைய மோட்டார் ரேடியேட்டர்கள் அலுமினியம். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களுக்கு வைத்தது போல இதற்கு ஈயப் பற்று வைக்க முடியாது, சாதாரண ஈயம் அலுமினியத்தில் பிடிக்காது. வழியில் யாராவது வைத்துத் தருகிறேன் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கைகொடுப்பது இரண்டு பகுதிகளைக் கலந்து பிசையும் உலோக எபோக்சிதான். அதிலும் பொட்டலத்தில் 120 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் ஐந்து நிமிடப் பசைகள் பல கூலண்டின் சூட்டிலேயே இளகிவிடும்.

எபோக்சி எண்ணெய்ப் பசையிலும் ஈரத்திலும் ஒட்டாது. ஒட்டுப் பிய்ந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் கேட்டால், ஒழுகிக்கொண்டிருக்கும்போதே தடவியிருப்பார்கள். தண்ணீர் மட்டத்தை ஓட்டைக்குக் கீழே இறக்குங்கள். இறக்குவதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொடிய நஞ்சு. ஓரத்தில் தேங்கினால் நாய் நக்கும், ஓடையில் கலந்தால் கீழே பூர்வகுடி மக்கள் புழங்கும் தண்ணீரில் போய்ச் சேரும்.

இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அழுக்கெடுக்கப் பெட்ரோலைத் தொட்டுத் துடைப்பது வழக்கம். எஞ்சின் முழுதாக ஆறாமல் அதைச் செய்தால் தீப்பிடிக்கும். தித்திவங்சா மலைத்தொடரில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது, ஆகவே மழைக்கோட்டை மேலே விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓட்டை ஃபின்களுக்கு நடுவே உள்ள தட்டைக் குழாயில் இருந்தால், மேலாகப் பூசுவது நிற்காது. சுற்றியுள்ள ஃபின்களைக் கூர்மூக்குக் குறட்டால் பிய்த்து எடுத்து, குழாயை வெளிப்படுத்துங்கள். ஊசி ஓட்டையானால் எபோக்சியை உள்ளே அழுத்தித் திணித்துச் சுற்றிலும் பரப்பினால் போதும். குழாய் கிழிந்திருந்தால் அந்த இடத்தில் வெட்டி, இரண்டு முனைகளையும் மடித்து நசுக்கி, அவற்றின் மேல் எபோக்சி வையுங்கள். அந்த ஒரு குழாயில் தண்ணீர் ஓடாது, மற்றவை வேலை செய்யும். ஒன்றிரண்டு குழாய்களுக்கு மேல் இப்படி அடைக்க வேண்டி வந்தால், குறிப்பாகக் காப்சாயின் சின்ன ரேடியேட்டரில், லாரியைக் கூப்பிடுங்கள்.

கெட்டியாவது வேறு, முழு பலம் பெறுவது வேறு. ஐந்து நிமிடத்தில் விரலில் ஒட்டாமல் இருக்கும். அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கப் பல மணி நேரம் ஆகலாம். பொட்டலத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை மதியுங்கள்.

மஞ்சள் தூள், மிளகு, முட்டை

இவற்றை ரேடியேட்டருக்குள் போடுவது நம் பெரியவர்கள் லாரி ஓட்டிய காலத்திலிருந்து வரும் வழி, ஊசி ஓட்டையை அடைக்கவும் செய்யும். ஆனால் அந்தத் தூளுக்கு ஓட்டை எது, எஞ்சினுக்குள் இருக்கும் குறுகிய வழி எது என்று தெரியாது. தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலும் மெல்லிய குழாய்களிலும் போய்ப் படியும். லாரியின் பெரிய ரேடியேட்டர் பொறுத்துக்கொண்டதை 150 சிசி எஞ்சின் பொறுக்காது. கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களும் கடைசி வழிதான். போட்டே ஆக வேண்டும் என்றால், காருக்கான முழு அளவை ஊற்றாமல் உங்கள் தண்ணீர் அளவுக்கு ஏற்பக் குறைத்துப் போடுங்கள்.

நிரப்பும்போது

மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு, கூலண்ட் பாட்டிலை மட்டும் நிரப்பிவிட்டுக் கிளம்புவது. பாட்டிலிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவது எஞ்சின் ஆறும்போது உண்டாகும் உறிஞ்சலால். ஒழுகும் ரேடியேட்டர் காற்றைத்தான் உறிஞ்சும். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். மூடியைத் திறந்து நேராக ரேடியேட்டரில் ஊற்றுங்கள்.

ஊற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். உள்ளே காற்று மாட்டியிருந்தால் பம்ப் தண்ணீரைத் தள்ளாது. மூடி திறந்தபடியே எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஹோஸை மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள், மோட்டாரை இரு பக்கமும் சாயுங்கள். குமிழி வரவரத் தண்ணீர் இறங்கும், மேலும் ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு மூடுங்கள். ஊற்ற ஊற்றக் குமிழி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும்.

எந்தத் தண்ணீர்? குடிநீர் பாட்டில் போதும். ஓடைத் தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டுங்கள். ஐசோடானிக் பானம், இளநீர், தேநீர் எதுவும் வேண்டாம், உப்பும் சர்க்கரையும் அலுமினியத்துக்கு ஆகாது. நண்பரிடம் வேறு நிறக் கூலண்ட் இருக்கிறது என்று கலக்கவும் வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி ஒன்றும் இல்லை, ஒத்துப்போகாத இரண்டு வகைகள் சேர்ந்தால் கூழாகித் திரளலாம். நம் நாட்டில் உறைபனி பயமில்லை, பட்டறை வரைக்கும் வெறும் தண்ணீரே நல்லது. குடிக்க மட்டும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

திரும்பும் வழி

ஒட்டின் மேல் அழுத்தம் குறைய, இரண்டு நிலை உள்ள மூடியை முதல் நிலையில் மட்டும் நிறுத்தி ஓட்டலாம். ஆனால் அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சமவெளியில் 100 டிகிரி, கேமரன் மலையின் பிரிஞ்சாங் போன்ற 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 95 டிகிரி. ஆகவே மலை உச்சியிலிருந்து இறங்கும்போது இது உதவும், ஏறும்போது உதவாது. மூடி உங்கள் காலுக்கு அருகில் இருக்கும் மோட்டாரில் செய்யவே வேண்டாம். வேகத்தைக் குறைத்து, எஞ்சின் சுழற்சியை (ஆர்பிஎம்) ஏற்றாமல், முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று பாருங்கள்.

ஊர் வந்து சேர்ந்தபின் ஒட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த வாரமே ரேடியேட்டரை மாற்றி, உள்ளே முழுக்கக் கழுவி, மோட்டாருக்கு உரிய கூலண்டை ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் நாளாக ஆக உள்ளே அரிக்கும். புது ரேடியேட்டருக்கு முன்னால் கம்பிவலை போடுவது நல்லது, ஆனால் காற்றைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான வலையாக இருக்கக் கூடாது. மோட்டார் கழுவும் கடையில் அழுத்தத் தண்ணீரை ரேடியேட்டர்மேல் நேராக அடிக்க விடாதீர்கள், ஃபின்கள் அப்படியே படுத்துவிடும். இருக்கைக்கு அடியில் ஓர் உலோக எபோக்சி, சிலிக்கான் டேப், கூர்மூக்குக் குறடு, உப்புத்தாள் துண்டு, இரண்டு ஹோஸ் கிளிப், நாலைந்து கேபிள் டை இருக்கட்டும். எபோக்சியின் காலாவதித் தேதியை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாருங்கள், பழையது பிசைந்தாலும் இறுகாது.