ஆபீஸ் ஆப்பை அழித்துவிட்டு சிங்கிள் சைன்-ஆனுக்கு மாறுவது எப்படி?

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வயல் வயலாகப் போய் விவரம் எடுக்கும் களப்பணியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். "இனிமேல் சிங்கிள் சைன்-ஆன்தான், பழைய ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று ஆபீஸிலிருந்து மெசேஜ் வந்திருக்கும். ஆப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு என்பது இனி கிடையாது. ஆபீஸ் மெயில் கணக்கிலேயே எல்லாம் திறக்கும். பாஸ்வேர்டு ஆப்பின் கைக்கே போகாது. கம்பெனியின் லாகின் பக்கம் உங்களைச் சரிபார்த்து, "இவர் நம்ம ஆள்தான்" என்று ஆப்புக்குத் தகவல் சொல்லும்.

அழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் முக்கியமான வேலை. குறுவை அறுவடை நேரத்தில், சிக்னல் இல்லாத இடத்தில் போட்ட பதிவுகளும் போட்டோக்களும் போனிலேயே தங்கியிருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் அவையும் கூடவே போய்விடும். வெயிலில் நடந்து எடுத்த ஒரு நாள் உழைப்பு அது. அதனால் நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து, போனில் இருப்பதை ஆபீஸுக்கு அனுப்பும் 'சிங்க்' பட்டனை அழுத்துங்கள். 'பெண்டிங்', அதாவது இன்னும் போகாத பதிவுகளின் எண்ணிக்கை, பூஜ்யம் ஆகும்வரை பொறுங்கள். பூஜ்யம் வந்தாலும் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது: "அண்ணே, வலங்கைமான் கடைசி என்ட்ரி வந்திருச்சா, கொஞ்சம் பாருங்க." வந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு ஆப்பில் கை வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஐகானை அழுத்திப் பிடித்தால் 'அன்இன்ஸ்டால்' வரும். ஐபோனில் 'ரிமூவ் ஆப்', அதற்குள் 'டெலீட் ஆப்'. ஐபோன் செட்டிங்ஸில் இருக்கும் 'ஆஃப்லோட் ஆப்' வேண்டாம். அது ஆப்பை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் பழைய தரவை அப்படியே வைத்துக்கொள்ளும். லாகினுக்கான எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்பைத் தவறியும் அழிக்காதீர்கள். அது போனால் ஐடி டீம் ரீசெட் செய்து தரும்வரை வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

சரி, இப்போது ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது அனுப்பும் ஏபிகே ஃபைலை (ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) தொடவே தொடாதீர்கள்.

திறந்ததும் சிங்கிள் சைன்-ஆன் பட்டனைத் தொட்டு ஆபீஸ் மெயில் முகவரியைக் கொடுங்கள். பிரவுசர் பக்கம் ஒன்று திறக்கும். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். போனில் ஏற்கெனவே இருக்கும் சொந்த ஜிமெயில் கணக்கை அந்தப் பக்கம் முன்னால் காட்டலாம். அதைத் தேர்ந்தெடுத்தால் 'அனுமதி இல்லை' என்றுதான் வரும். 'வேறு கணக்கு' என்பதைத் தொட்டு ஆபீஸ் முகவரியையே கொடுங்கள். அடுத்து ஆதென்டிகேட்டர் காட்டும் ஆறு இலக்க எண்ணை அந்தப் பக்கம் கேட்கும். பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை அது மாறிவிடும். சரியாக அடித்தும் தவறு என்றே வந்தால், போன் செட்டிங்ஸில் தேதி, நேரத்தை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். கடிகாரம் பிசகினால் எண்ணும் பிசகும்.

புதிதாகப் போட்ட ஆப், கேமரா, லொகேஷன் அனுமதியை மறுபடி கேட்கும், கொடுத்துவிடுங்கள். முதல் லாகினுக்கு நெட் கட்டாயம் வேண்டும். எனவே ஊருக்குள் இருக்கும்போதே முடித்து, ஒரு பதிவு போட்டு சிங்க் ஆகிறதா என்று பார்த்துவிட்டு வயலுக்குக் கிளம்புங்கள்.