கடலோரக் கிடங்குக்கு இருபக்கச் சரிவுக் கூரை: காற்று தூக்காமல் கட்டும் முறை

வலை, கயிறு, ஐஸ் பெட்டி, கழற்றி வைத்த என்ஜின், கருவாட்டு மூட்டை என்று ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் போட்டு வைக்க இடம் தேடாத வீடு குறைவு. நான்கு சுவர் எழுப்ப ஆள் கிடைத்துவிடுகிறார்கள். கூரைதான் பிரச்சினை. புதிதாகக் கட்டுகிறவர்கள் ‘கூரை கீழே விழாமல் எப்படித் தாங்குவது’ என்றே யோசிக்கிறார்கள். நம் கரையில் தகரக் கூரை கீழே விழுவதைவிட மேலே போவதுதான் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ. நாம் கட்டப்போகும் கூரை ஏறத்தாழ 46 சதுர மீட்டர். திறந்த கதவு வழியாக உள்ளே புகுந்த காற்று மேலே தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தோராயமாக 700 கிலோ. கூரைத் தகரத்தின் மொத்த எடையோ 200 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். காற்று 100 கி.மீ. தொட்டால் அந்த 700 கிலோ இரண்டு டன்னாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

அளவும் திசையும்

16 அடி அகலம், 24 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 20 அடியைத் தாண்டினால் இந்தக் கணக்கு போதாது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இங்கே இரண்டு காற்றைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்பது நமக்கு வசதி. முகடு வடமேற்கு தென்கிழக்காக ஓடும்படி கிடங்கை வைத்தால், இரண்டு காற்றும் சரிவில்தான் மோதும். இரு முனையிலும் இருக்கும் முக்கோணச் சுவரில் நேராக அறையாது. மனை அதற்கு இடம் கொடுக்காவிட்டால் விடுங்கள், ஆனால் முக்கோணச் சுவருக்குப் பின்னால் குறுக்குக் கட்டு இரண்டு மடங்கு வேண்டும்.

கைமரத்தின் நீளம்

சரிவு 2-க்கு 1, அதாவது இரண்டடி உள்ளே போனால் ஓரடி ஏற வேண்டும். பாதி அகலம் 8 அடி, ஆகவே முகட்டின் உயரம் 4 அடி. இதைவிடத் தட்டையாக வைத்தால் காற்று அதிகமாக இழுக்கும், ரொம்பச் செங்குத்தாக்கினால் அதுவே காற்றுக்குச் சுவராகிவிடும்.

முகட்டிலிருந்து சரிந்து சுவரைத் தாண்டி வரும் சட்டம்தான் கைமரம். இந்தச் சரிவில் அதன் நீளம், கிடைத்தூரத்தை 1.118 ஆல் பெருக்கினால் வரும். இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீட்டும் பகுதி, ஓரடி. 8 + 1 = 9 அடி, அதை 1.118 ஆல் பெருக்கினால் 10 அடி முக்கால் அங்குலம். இறவாரத்தை இதற்கு மேல் நீட்டாதீர்கள். நிழலுக்கு ஆசைப்பட்டு மூன்றடி விடுகிறவர்கள் உண்டு, காற்று கைவைப்பதே அங்கேதான்.

10 அடித் தகரத்தை வெட்டாமலேயே இதற்குப் போடலாம். முகட்டு உச்சியிலிருந்து 2 அங்குலம் இறக்கி வைத்தால், கீழே கைமர நுனியைத் தாண்டி ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் நீட்டும். தண்ணீர் மரத்தில் படாமல் சொட்டும்.

மரம்

நம் பக்கத்துக்குப் பனைதான். வைரம் பாய்ந்த கருத்த பனஞ்சட்டத்துக்கு உப்புக்காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்துவிட்டது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள், ஐம்பது வருடம் உழைத்த சட்டம்கூட இன்னும் இரும்பு மாதிரி இருக்கும். வாங்கும்போது உள்பக்கச் சோற்றை, அதாவது மென்மையான நடுப்பகுதியை, நகத்தால் கீறிப் பாருங்கள். உதிர்ந்தால் அந்தப் பகுதியை வைரம் தெரியும்வரை செதுக்கித் தள்ள வேண்டும். பனையில் நேராக ஆணி அடிக்க முடியாது, வளைந்துவிடும். துளை போட்டு போல்ட் முடுக்குங்கள்.

பனை கிடைக்காவிட்டால் 4-க்கு 2 அங்குல அளவில் நல்ல சட்டம். இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துச் செய்வது சீக்கிரம் முடியும், ஆனால் வெல்டிங் வைத்த இடமெல்லாம் உப்பு முதலில் தின்னும். என் ஓட்டு மரத்துக்குத்தான்.

சுவரின் தலை

சுவருக்கு மேல் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு, அதன் கம்பியை மூலைத் தூண்களின் கம்பியோடு கட்ட வேண்டும். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நீளச் சுவர் இரண்டிலும் 4 அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட்டை நட்டுவிடுங்கள், மொத்தம் 14. கீழ்நுனி பெல்ட் கம்பிக்கு அடியில் வளைந்து மாட்டியிருக்க வேண்டும். கடற்கரை மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பெல்ட்டே வெடிக்கும். போல்ட்டின் மேல் மரச்சட்டம் கோத்து, அகல வாஷர் போட்டு முடுக்குங்கள்.

முதல் ஜோடி

எதிரெதிர்க் கைமரம் இரண்டும் சேர்ந்த முக்கோணம்தான் ஒரு ஜோடி. தரையில் சுண்ணாம்புக் கோட்டால் முழு அளவு முக்கோணத்தை வரையுங்கள். நடுக்கோடு செங்குத்தா என்று 3, 4, 5 அடி வைத்துப் பாருங்கள். மூலைமட்டத்தின் ஒரு கையில் 12, இன்னொரு கையில் 6 அங்குலம் பிடித்தால் உச்சி வெட்டுக்கான கோணம் கிடைக்கும். கைமரம் சுவர்ச் சட்டத்தில் உட்காரும் இடத்தில் ஒரு வாய் வெட்டு, மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

கைமரங்களின் கால்களை இணைக்கும் விட்டத்தை ஒற்றைச் சட்டமாக வைக்காமல் இரண்டு பலகையாக எடுத்து, கைமரத்தின் இருபுறமும் வைத்து போல்ட் போடுங்கள். 16 அடி ஒரே நீளத்தில் கிடைக்காவிட்டால் ஒட்டுப் போடலாம், ஆனால் இரண்டு பலகையின் ஒட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது. நடுவில் குத்துக்கால், அதன் அடியிலிருந்து கைமரத்தின் பாதிக்கு இருபுறமும் சாய்கால். இந்த ஜோடி சரியாக வந்தபின் அதையே அச்சாக வைத்து மீதி ஆறையும் செய்யுங்கள். ஒவ்வொன்றாக அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும்.

நிறுத்துவது

முனை ஜோடி இரண்டையும் முதலில் நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு நேராக்கி, முட்டுக் கொடுங்கள். உச்சியிலிருந்து உச்சிக்கு நூல் கட்டி, நடு ஜோடிகளை நூலுக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு கைமரத்தின் மேலும் ஜி.ஐ. பட்டையை வளைத்துப் போட்டு, இருபுறமும் சுவர்ச் சட்டத்தில் ஸ்க்ரூ முடுக்குங்கள். இந்தப் பட்டையைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் முனையிலிருக்கும் இரண்டிரண்டு ஜோடிகளைக் குறுக்குச் சட்டத்தால் மூலைக்கு மூலை பிணைத்துவிடுங்கள். தகரத்தைத் தாங்கக் கைமரங்களின் மேல் குறுக்கே ஓடும் சட்டமான ரீப்பர், ஒரு சரிவுக்கு ஐந்து வரிசை. முனைகளில் ஆறு அங்குலம் வெளியே விடுங்கள்.

தகரம்

காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் நிறுத்திவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் 10 அடித் தகரத்தைப் பிடித்திருக்கும் ஆளையே இழுத்துக்கொண்டு போகும்.

தென்கிழக்கு முனையிலிருந்து தொடங்குங்கள். அப்போது அடுத்தடுத்த தகரம் முந்தையதன் மேல் ஏறும், திறந்த விளிம்பு தென்கிழக்கைப் பார்க்கும், வாடை அதில் நேராக மோதாது. ஒரு தகரம் 3 அடி 3 அங்குலம் மூடும் என்றால் சரிவுக்கு 8, மொத்தம் 16. ஸ்க்ரூவை மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் நிற்கும். இறவாரம், முகடு, இரு முனை ஓரங்கள் ஆகியவற்றில் மேட்டுக்கு ஒன்று, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. ரப்பர் வாஷர் லேசாக அமுங்கி, ஓரத்தில் மெல்லிய விளிம்பாகத் தெரிந்தால் போதும். பிதுங்கினால் அது ஒரே கோடையில் வெடித்துவிடும்.

துளை போட்டபோது சிந்திய இரும்புத் தூளை அன்றைக்கே தென்னந்துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். ஓர் இரவுப் பனியில் ஒவ்வொரு தூளும் செம்புள்ளியாகித் தகரத்தில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்துதான் துரு பரவும். கடைசியாக முகட்டு மூடி. இரு முக்கோணச் சுவரிலும் உச்சிக்குக் கீழே வலையடித்த சிறு சாளரம் வையுங்கள். கருவாட்டு வாடை தங்காது.

வருடா வருடம் புரட்டாசியில் ஏறி ஸ்க்ரூக்களை முடுக்கிப் பாருங்கள். மேல்புறத்தை மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடிப்புறத்தில் உப்பு படிந்தபடியே கிடப்பதால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கோடையில் மாதம் ஒருமுறை அந்த இடத்தில் நல்ல தண்ணீரை அடித்துக் கழுவிவிடுங்கள்.