பிள்ளையைக் கிள்ளும் மோதிரம்

"உங்கள் கையால் கூட்டாளி ஒருவருக்கு ஹிட் பாயின்ட் திரும்பும்போதெல்லாம் மோதிரத்தில் ஒரு சார்ஜ் ஏறும். சார்ஜைச் செலவழித்தால், ஒவ்வொன்றுக்கும் உங்கள் அடியில் 1டி8 கூடுதல் சேதம்."

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டத்துக்கு நானே எழுதிய முதல் மந்திரப் பொருள் இதுதான். ஹிட் பாயின்ட் என்பது உயிர்ப் புள்ளி, 1டி8 என்பது எட்டு முகப் பகடையின் ஓர் உருட்டு. எங்கள் பார்ட்டியில் (ஆட்டக் குழுவில்) ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். உதவினால் பலன் கிடைக்கும் என்றால் பக்கத்தில் நிற்பவரையும் கொஞ்சம் பார்ப்பார்கள் என்பது டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவனாக, என் கணக்கு.

பாலடின் (குணப்படுத்தவும் தெரிந்த புனிதப் போர்வீரர்) ஆடியவர் வேறு கணக்கு வைத்திருந்தார். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஐந்தாம் லெவல் பாலடினிடம் 'லே ஆன் ஹேண்ட்ஸ்' மூலம் குணப்படுத்த 25 புள்ளிகள் இருக்கும். மொத்தமாகவும் கொடுக்கலாம், ஒவ்வொன்றாகவும் கொடுக்கலாம். டிராகன் குகை வாசலில் நின்று கூட்டாளியான ரோக்கின் (பதுங்கித் தாக்கும் திருடர்) கன்னத்தில் ஓர் அறை விட்டார். வெறுங்கைக்கு 1, உடல் பலத்துக்கு 3, ஆக 4 புள்ளி காலி. பிறகு ஒவ்வொரு புள்ளியாக நான்கு முறை தடவிக் கொடுத்தார். நான்கு சார்ஜ். மறுபடி அறை, மறுபடி தடவல். ஒரு சுற்றுக்கு 6 வினாடி என்பதால் ஆட்டத்தின் நேரப்படி மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் ஆனது, மோதிரத்தில் 25 சார்ஜ். 1டி8-இன் சராசரி 4.5. மொத்தம் சுமார் 112 புள்ளி கூடுதல் சேதம். ஓர் அடியில் எத்தனை சார்ஜ் செலவழிக்கலாம் என்று நான் எழுதவும் இல்லை. டிராகன் வாயைத் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதற்கு ரூல் எழுதிக் கொடுத்தவன் நான். பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு 'எலிப்பை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எதிரியைக் கொன்றால் பலன் என்று ஒரு விதி இருந்தால், பை நிறைய எலியைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டுக் கொல்வது. மூன்றாம் பதிப்புக் காலத்திலிருந்தே ஓடும் கதை. ஆட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை எண்ணச் சொல்கிறோமோ அதைத்தான் அவர் எண்ணுவார்.

என் பிழை, உதவிய செயலை எண்ணியது. உதவியவர் எதை இழந்தார் என்று பார்த்திருக்க வேண்டும். 'ஹெல்ப்' ஆக்ஷனுக்கு (கூட்டாளியின் முயற்சிக்குக் கைகொடுக்கும் செயல்) பலன் வைப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். 'ஃபைண்ட் ஃபெமிலியர்' ஸ்பெல்லில் (மந்திரத்தில்) துணையாக வரும் ஆந்தையும் ஹெல்ப் செய்யலாம். உதவிவிட்டு எதிரியின் கைக்குச் சிக்காமல் பறந்தும் போய்விடும். யாருக்கும் ஒரு கீறலும் இல்லாமல் சுற்றுக்குச் சுற்று பலன் கொட்டும்.

சரியாக எழுதிய மாதிரி வேண்டுமென்றால் 'வார்டிங் பாண்ட்' ஸ்பெல்லைப் பாருங்கள். தலா 50 பொற்காசு மதிப்புள்ள இரண்டு பிளாட்டினம் மோதிரங்கள், ஒன்று உங்கள் விரலில், மற்றது கூட்டாளியின் விரலில். ஒரு மணி நேரத்துக்கு அவருடைய ஆர்மர் கிளாஸிலும் (அடி படுவதற்கு எதிரி எட்டவேண்டிய எண்) சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) 1 கூடும், எல்லாச் சேதமும் பாதியாகும். ஆனால் அவர் வாங்கும் ஒவ்வொரு புள்ளியையும் நீங்களும் வாங்க வேண்டும். 60 அடிக்கு மேல் விலகினால் பந்தம் அறுந்துவிடும், நீங்கள் பூஜ்யத்துக்கு விழுந்தாலும் அறுந்துவிடும். இருவர் நடுவிலும் ஒரு ஃபயர்பால் விழுகிறது என்று வையுங்கள். 8டி6, சராசரி 28. இருவரும் சேவில் தோற்றால் காக்கப்படும் ஃபைட்டருக்கு 14, ஸ்பெல்லைப் போட்ட கிளெரிக்குக்கு 28-உடன் அந்த 14-ம் சேர்ந்து 42. போதாததற்கு அது இரண்டு தனி அடி, ஆகவே கிளெரிக் வேறொரு ஸ்பெல்லைக் கவனம் கலையாமல் பிடித்திருந்தால் அதற்கான கான்சன்ட்ரேஷன் சோதனையும் இரண்டு. இதை யாரும் குகை வாசலில் விளையாட்டுக்குச் செய்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்த தவறு பார்க்க நல்லெண்ணம் போலவே இருக்கும்: விழுந்தவரைத் தூக்கிவிட்டால் பலன். இந்த ஆட்டத்தில் ஏற்கெனவே ஒரு வியாதி உண்டு. 1 புள்ளியில் தள்ளாடும் ஆளும் முழுப் பலத்தோடுதான் வாள் வீசுவார். ஆகவே அவர் பூஜ்யத்துக்கு விழும்வரை கிளெரிக் காத்திருந்து, விழுந்ததும் ஒரு 'ஹீலிங் வேர்ட்' சொல்லி எழுப்புவார். மறுபடி விழுவார், மறுபடி எழுப்புவார். இதற்கு மேல் ஒரு பரிசையும் வைத்தால் நண்பர் விழுவதற்காக எல்லோரும் காத்திருப்பார்கள். எங்கள் மேசையில் ஒருவர் "இன்னும் விழலையா?" என்று நிஜமாகவே கேட்டார். விழாமல் காத்ததற்குப் பலன் கொடுங்கள்.

ரியாக்ஷனை (பிறர் முறையின்போது நாம் காட்டும் உடனடி எதிர்வினை) மறப்பது இன்னொன்று. காக்கும் பொருள்கள் பெரும்பாலும் ரியாக்ஷனைத்தான் கேட்கும், ஒருவருக்கு ஒரு சுற்றில் அது ஒன்றுதான். விசர்டுக்கு 'ஷீல்ட்', 'கவுன்டர்ஸ்பெல்' இரண்டுக்கும் அது வேண்டும், ரோக்குக்கு 'அன்கேனி டாட்ஜ்' செய்ய வேண்டும். அவர்கள் கையில் இன்னொரு ரியாக்ஷன் பொருளைக் கொடுத்தால் பையின் அடியில் கிடக்கும். ஒருவர் அட்யூன் செய்யக்கூடிய (தன்னோடு பிணைத்துக்கொள்ளக்கூடிய) பொருளே மொத்தம் மூன்றுதான், அதில் ஓர் இடம் வீண். எழுதும் முன் அந்த ஆட்டக்காரரிடம் "எதிரியின் டர்ன்ல நீங்க வழக்கமா என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிடுங்கள். "ஒண்ணும் இல்லை" என்பவருக்குக் கொடுங்கள்.

விதியில் 'வேண்டும்' என்று எழுதுவதா, 'லாம்' என்று எழுதுவதா என்ற விஷயத்துக்கு அதிகாரபூர்வப் புத்தகத்திலேயே ஒரு ஜோடி இருக்கிறது. 'ஆரோ-கேட்சிங் ஷீல்ட்' வைத்திருப்பவர், 5 அடிக்குள் நிற்பவர்மேல் வரும் எய்தலைத் தன்மேல் திருப்பிக்கொள்ளலாம். 'ஷீல்ட் ஆஃப் மிசைல் அட்ராக்ஷன்' வைத்திருப்பவர்மேல், 10 அடிக்குள் இருக்கும் யாருக்கு எய்த ஆயுதமானாலும் தானாகவே வந்து விழும். கேடயத்தைக் கழற்றி வைத்தாலும் விடாது. செயல் ஒன்றேதான். முன்னது பரிசு, பின்னது சாபம். பாதுகாப்புப் பொருள் எழுதும்போது 'கட்டாயம்' என்ற சொல் வந்தால் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது சாபம். காக்கப்படுபவரின் சம்மதமும் இதில் அடக்கம். வார்டிங் பாண்ட்கூட விரும்பி ஏற்பவர்மேல்தான் போடமுடியும்.

எப்போதும் எல்லோருக்கும் ஆர்மர் கிளாஸில் கூடுதல் 1 என்று தாராளமாக எழுதுவதையும் தவிர்க்கலாம். டி20-இல் (இருபது முகப் பகடையில்) ஒவ்வொரு புள்ளியும் 5 சதவீதம். ஆர்மர் கிளாஸை ஏற்கெனவே கூட்டுபவற்றோடு சேர்ந்தால் எதிரிகள் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார்கள். டெம்பரரி ஹிட் பாயின்ட்டைப் பரிசாக வைத்தாலும் கவனம்: அது ஒன்றின்மேல் ஒன்று கூடாது, ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு உங்கள் பரிசு பெரும்பாலும் வீண்.

நான் மிகத் தாமதமாகக் கண்டுகொண்ட தவறு, பலன் யாருக்குப் போகிறது என்பது. என் பழைய மோதிரத்தில் உதவியவரே பலம் பெற்றார், உதவி வாங்கியவர் கறவை மாடு. இப்போது ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கும் வழியில் மாற்றிவிட்டேன்.

"30 அடிக்குள் இருக்கும் கூட்டாளி எதிரியிடம் அடி வாங்கும்போது, அவர் சம்மதித்தால், உங்கள் ரியாக்ஷனைச் செலவழித்து அந்தச் சேதத்தில் பாதியை நீங்கள் ஏற்கலாம். ஏற்ற பங்கை எந்த வழியிலும் குறைக்க முடியாது. அந்தக் கூட்டாளியின் அடுத்த அட்டாக் ரோலுக்கு அட்வான்டேஜ். மூன்று முறை. விடியும்போது மூன்றும் திரும்பும்."

எண்ணிக்கைக்கு மேசையில் மூன்று புளியங்கொட்டை. காத்தவர் ஒன்றை எடுத்துக் காக்கப்பட்டவர் கையில் கொடுப்பார், அட்வான்டேஜை (இரண்டு டி20 உருட்டி உயர்ந்ததை எடுப்பது) உருட்டியதும் அவர் அதை டப்பாவில் போடுவார். தாளில் கோடு போட்டு எண்ணிய காலத்தில் பாதி நேரம் மறந்துபோனது, கொட்டையை யாரும் மறப்பதில்லை.

அறை வாங்கிய ரோக்குக்குத்தான் முதல் கொட்டை போனது. ஓக்ரின் தடி 16 புள்ளிக்கு இறங்கியது, பாலடின் 8-ஐ வாங்கிக்கொண்டார். ரோக் இரண்டு டி20-ஐ உருட்டினார். ஆனாலும் குகை வாசல் எதிலாவது பார்ட்டி நின்றால், தன் மினியேச்சரை பாலடினிடமிருந்து இரண்டு கட்டம் தள்ளித்தான் வைக்கிறார்.