கேமிங் ஹெட்செட்டா, ஆடியோஃபைல் ஹெட்போனா? முதலில் அறையைக் கேளுங்கள்

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் புது ஹெட்போனைக் கொண்டுவந்து காட்டினான். திறந்த வகை, 250 ஓம். "அண்ணா, இதுல யார் எங்க நடக்குறாங்கன்னு அப்படியே தெரியுமாம்" என்றான். முகமெல்லாம் சந்தோஷம். எங்கே உட்கார்ந்து விளையாடுவாய் என்று கேட்டேன். ஒரே அறைதான், தம்பி பக்கத்துக் கட்டிலில் தூங்குவான், தலைக்கு மேல் மின்விசிறி ஓடும், லேப்டாப்பில் நேராகச் செருகிக்கொள்வேன் என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன் நான் செய்த தவறு இது, ஒன்றுகூட மாறவில்லை.

இடது வலது மாற்றிப் போடுவது, பிளக்கைத் தவறான துளையில் செருகுவது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரே நாளில் தானாகப் புரிந்துவிடும். பணத்தையும் காதையும் கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன். ஹெட்செட் என்றால் மைக்கோடு வருவது. ஆடியோஃபைல் ஹெட்போன் இசையைத் துல்லியமாகக் கேட்க நினைப்பவர்களுக்கானது, அதில் பெரும்பாலும் மைக் இருக்காது.

அறையைப் பார்க்காமல் திறந்த வகை வாங்குவது

திறந்த வகையில் காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடியிருக்காது, வலை போட்டிருக்கும். டிரைவரின், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கரின், பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பாமல் வெளியே போய்விடும். 1968-ல் சென்ஹைசர் எச்.டி. 414 என்ற ஹெட்போன் தொடங்கிவைத்த வழி இது. ஒலி தலைக்குள் அடைந்து கிடக்காமல் சற்றுத் தள்ளி, விரிந்து கேட்கும். அந்த விரிவு நிஜம். ஒருமுறை கேட்டுவிட்டால் மூடிய வகை, டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். நானும் ஒரு நண்பரின் அமைதியான அறையில் கேட்டு மயங்கித்தான், சேர்த்து வைத்த காசு மொத்தத்தையும் போட்டு வாங்கினேன்.

ஒலி வெளியே போகிற அந்த வலை வழியாகத்தான் அறைச் சத்தம் உள்ளே வருகிறது.

முதல் நாள் இரவு நன்றாக நினைவிருக்கிறது. எதிரணியில் ஒருவன்தான் மிச்சம். சுவருக்குப் பின்னால் பதுங்கி அவன் காலடிக்காகக் காத்திருந்தேன். காதில் விழுந்தது மின்விசிறியின் இரைச்சலும் கணினியின் குளிர்விசிறிச் சத்தமும்தான். ஒரே சீராக ஓடும் இரைச்சல், மெல்லிய சத்தங்களை அப்படியே விழுங்கிவிடும். அதனால் ஒலியளவைக் கூட்டினேன். காலடி கேட்டது. அடுத்த நொடி வெடித்த குண்டு காதில் அறைந்தது. அதன்பின் அந்த அளவே பழக்கமாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து, விளையாடிவிட்டுப் படுத்தால் காதுக்குள் மெல்லிய ரீங்காரம். வெளியே சத்தம் எதுவும் இல்லை, காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஒலியளவைக் கொஞ்சம் தள்ளுகிறோம் என்று நினைப்போம். அந்தக் கொஞ்சம்தான் 40 மணி நேரத்தை 5 மணி நேரமாக்குகிறது.

அடுத்து மைக். நண்பர்கள் பேசுவது வலை வழியாகக் கசிந்து என் மைக்கில் ஏறி அவர்களுக்கே திரும்பிப் போனது. "எங்க குரலே எங்களுக்குக் கேக்குது, மைக்க அணைச்சுத் தொலை" என்று கத்தினார்கள். சரி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால்தான் மைக் திறக்கட்டும் என்று அமைப்பை மாற்றினேன். அப்புறம் என் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையும் வெட்டுப்பட்டது. "இடது பக்கம்" என்று நான் சொன்னதும் "வலது பக்கம்" என்று சொன்னதும் அவர்களுக்கு "து பக்கம்" என்றுதான் போய்ச் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டம் தோற்றோம் என்று எண்ணவில்லை. இதற்கு நடுவே பக்கத்தில் படுத்திருந்த அண்ணன் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்.

கடைசியில் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டு மூடிய வகை ஒன்றை வாங்கினேன். இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருப்பது இதுதான்: ஹெட்போன் கேட்டு வருகிறவரிடம் எல்லாரும் ஒலியின் விரிவைப் பற்றியே பேசுகிறார்கள். உன் அறை எப்படி, பக்கத்தில் யார் தூங்குகிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வழக்கமாக விளையாடும் நேரத்தில், விளையாடும் இடத்தில், காதில் எதுவும் மாட்டாமல் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காருங்கள். விசிறி, தெரு, பக்கத்து அறைத் தொலைக்காட்சி என்று வரிசையாகக் கேட்டால் மூடிய வகைதான் உங்களுக்கு. தனி அறை, ராத்திரி அமைதி, தொந்தரவு யாருக்கும் இல்லை என்றால் திறந்த வகையைத் தாராளமாக வாங்குங்கள். அந்தச் சூழலில் அதன் சுகமே தனி.

7.1 என்ற எழுத்துக்குக் காசு கொடுப்பது

7.1 என்றால் நம்மைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர், அடித்தொனிக்குத் தனியாக ஒன்று. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசம், அதிகபட்சம் ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்குக்குள் அடங்கும். அதோடு சத்த வித்தியாசம், காதுமடலின் வளைவு ஒலியை மாற்றும் விதம். இந்த மூன்றையும் கணக்குப் போட்டு ஏற்றினால், இரண்டே டிரைவரில் முன்னும் பின்னும் கேட்கவைக்கலாம். பெட்டியில் 7.1 என்று போட்டிருக்கும் பெரும்பாலான ஹெட்செட்களில் நடப்பது இந்தக் கணக்குத்தான், உள்ளே ஏழு ஸ்பீக்கர் கிடையாது.

இதே வேலையைப் பல ஆட்டங்கள் தாங்களே செய்கின்றன. கவுண்டர் ஸ்ட்ரைக், வேலரண்ட், ஓவர்வாட்ச் மூன்றிலும் ஹெட்போனுக்கென்று இப்படி ஓர் அமைப்பு உண்டு. அதையும் போட்டு, ஹெட்செட்டின் 7.1-ஐயும் போட்டு, விண்டோஸிலேயே இதற்கென்று இருக்கும் விண்டோஸ் சோனிக்கையும் போட்டுவிட்டு, பின்னால் வந்தவன் பக்கவாட்டில் கேட்கிறான் என்று புலம்புகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். கணக்குப் போட்ட ஒலியின் மேல் மறுபடி கணக்குப் போட்டால் குழம்பத்தான் செய்யும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தளத்தில் நண்பரை உங்களைச் சுற்றி நடக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு திசையைச் சொல்லிப் பாருங்கள். எதை வைப்பது, எதை அணைப்பது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓம் அதிகமென்றால் உசத்தி என்று நினைப்பது

பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ என்ற ஹெட்போனை 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக விற்கிறார்கள். புதியவர்கள் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓம் என்பது தர மதிப்பெண் இல்லை, மின்தடை. அது கூடக்கூட, அதே சத்தத்துக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். லேப்டாப்பும் கேம் கன்ட்ரோலரும் பெரும்பாலும் அதைத் தராது. முழு ஒலியளவு வைத்தும் சோகையாகக் கேட்கும்.

ஓம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. ஹைஃபைமேன் எச்.இ.-6 ஹெட்போன் வெறும் 50 ஓம்தான், ஆனால் உணர்திறன் (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) வெறும் 83.5 டெசிபல் என்பதால் நல்ல வலுவான ஆம்ப், அதாவது ஒலிபெருக்கும் கருவி, இல்லாமல் அசையாது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஆம்ப் தேவைப்பட்டால் அதன் விலையையும், தனி மைக்கின் விலையையும் கூட்டிய பிறகுதான் ஹெட்செட்டோடு ஒப்பிட வேண்டும். நான் கூட்டாமல் ஒப்பிட்டேன்.

டிரைவர் 50 மி.மீ. என்பதைப் பெருமையாக எண்ணுவது

40-ல் அருமையானவை உண்டு, 50-ல் மோசமானவை உண்டு.

புளூடூத்தில் ஆட்டமும் பேச்சும்

வழக்கமான புளூடூத்தில் மைக்கைத் திறந்ததும் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், தாமதமும் உண்டு. கம்பியில்லாமல் வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யு.எஸ்.பி. துளையில் செருகும் சின்ன வாங்கி) வருவதை வாங்குங்கள்.

"கேமிங்" என்ற பெயரைப் பார்த்தே ஒதுக்குவது

கொஞ்சம் படித்த பிறகு வரும் நோய் இது, எனக்கும் வந்தது. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஹெட்செட்டின் உடம்பு, டாக்ஸ்டார் ப்ரோ 80 என்ற ஸ்டுடியோ ஹெட்போனிலிருந்து வந்தது. பேயர்டைனமிக்கின் எம்.எம்.எக்ஸ். 300, டி.டி. 770-ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது. திறந்த வகையிலேயே கேமிங் ஹெட்செட்டுகளும் இருக்கின்றன. மூடிய ஹெட்போனைப் போட்டுப் பேசினால் நம் குரல் நமக்கே கேட்காது, தெரியாமலே கத்துவோம். பல ஹெட்செட்கள் நம் குரலைக் கொஞ்சம் நம் காதுக்கே திருப்பித் தரும். தினமும் மூன்று மணி நேரம் நண்பர்களோடு பேசி விளையாடுகிறவருக்கு இது பெரிய வசதி. அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. அடுத்த நாளே பெட்டியைக் கட்டிவிட்டான்.

கண்ணாடி போடுபவர்கள்

கண்ணாடியின் கால், ஹெட்போனின் காது மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி விடும், மூடிய வகையில் அதன் வழியே அடித்தொனி கசியும். கண்ணாடியோடே போய் மாட்டிப் பாருங்கள், அரை மணி நேரமாவது கழற்றாமல்.