முடிச்சில்லாமல் ஒரு கோபுரம்

கர்நாடகத்துத் தார்வாட் பக்கக் கசூதி என்ற பூத்தையலில் முடிச்சே போடுவதில்லை. அந்தத் தையல் போட்ட இல்கல் ஊர்ச் சேலைகளில் கோபுரம், தேர், யானை எல்லாம் வரும்; திருகோணமலைக்காரியான எனக்குக் கோபுரம் போதும்.

இழை எண்ணக்கூடிய பருத்தித் துணி எடுங்கள். கவந்தி என்ற தையலுக்கு நான்கு இழை மேலே, நான்கு இழை கீழே என்று ஊசியை ஓட்டிக் கோட்டின் முடிவுவரை போங்கள். அப்புறம் அதே வழியால் திரும்பி, விட்ட இடைவெளிகளை நிரப்புங்கள். உள்ளும் புறமும் ஒன்றுபோல இருக்கும். நூல் நுனியைத் தையல்களுக்குள்ளேயே செருகிவிடுங்கள். ஓர் இழை பிசகினால் கோபுரம் சரியும். முதல் தலையணை உறையை நான் மூன்று தரம் பிரித்தேன்!

வேலை முடிந்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். எங்கள் உப்புக்காற்றுக்குத் துருக்கறை நிச்சயம்.