எந்தக் கபடிப் போட்டியை நன்றாக நடத்துகிறார்கள்? புதிய அணிகள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை

பொங்கல் முடிந்த கையோடு கடலூர் வட்டாரத்தில் கபடி நோட்டீஸ்கள் வர ஆரம்பித்துவிடும். மாசி மகம், சித்திரைத் திருவிழா, அப்புறம் கோடை விடுமுறை. நெல்லிக்குப்பத்தில் ஒன்று, குறிஞ்சிப்பாடியில் ஒன்று, அதே ஞாயிற்றுக்கிழமை பாகூர் பக்கம் இன்னொன்று என்று மூன்று நோட்டீஸ் ஒன்றாக வந்து நிற்கும். புதிதாக அணி சேர்த்திருக்கும் தம்பிகள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணா, எதுக்குப் போகலாம்?” என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலும் முதல் பரிசுத் தொகையைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். முப்பது அணி வரும் இடத்தில் முதல் பரிசு ஒரே ஒரு அணிக்குத்தான். முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறும் அணியை விழாக் குழு எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். போட்டியின் தரம் அங்கேதான் தெரியும். புதிய அணி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

கீழே சொல்வது ஒவ்வொரு போட்டிக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போடும் முறை. அதற்கு ஒரு நோட்டு, ஒரு அளவு டேப், கடிகாரம் உள்ள போன், இவை போதும்.

படி 1: நோட்டீஸில் இல்லாததைத் தேடுங்கள்

பரிசு, கேடயம், தலைவர்கள் படம் எல்லாம் பெரிதாக இருக்கும். அவற்றை விட்டுவிட்டு இவை இருக்கின்றனவா பாருங்கள்: எடைப் பிரிவு எத்தனை கிலோ, எத்தனை அணிக்கு அனுமதி, பதிவு எத்தனை மணிக்கு முடியும், நாக் அவுட்டா (தோற்றால் உடனே வெளியே) லீக்கா (பிரிவில் உள்ள எல்லா அணியோடும் ஒரு ஆட்டம்), மேட் விரிப்பா மண் தரையா, ஒரு அணியில் வெளியூர் ஆட்டக்காரர் எத்தனை பேர் ஆடலாம். இல்லாதவற்றை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். “நடுவர் தீர்ப்பே இறுதியானது” என்ற வரி மட்டும் எல்லா நோட்டீஸிலும் தவறாமல் இருக்கும். அதற்கு மதிப்பெண் கிடையாது.

படி 2: போன் போட்டு, கணக்குப் போடுங்கள்

என்னைக் கேட்டால், இந்த ஒரு படியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நோட்டீஸில் உள்ள எண்ணை அழைத்து நான்கே கேள்வி கேளுங்கள். எத்தனை அணி பதிவாகியிருக்கிறது? எத்தனை களம்? ஒரு பாதி எத்தனை நிமிடம்? முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு?

பதிலை வைத்துக் கணக்குப் போடுங்கள். நாக் அவுட் என்றால் மொத்த ஆட்டம், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 32 அணிக்கு 31 ஆட்டம். ஆண்கள் ஆட்டத்துக்கு விதிப்படி 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். டாஸ், டைம் அவுட், அணிகள் மாறும் நேரம் எல்லாம் சேர்த்து 50 நிமிடம் என்று வைத்தால் 31 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 26 மணி நேரம். ஒரே களத்தில் ஒரே நாளில் இது முடியவே முடியாது. பாதிக்கு 10 நிமிடம் என்று குறைத்தாலும் ஆட்டத்துக்கு 28 நிமிடமாவது ஆகும்; மொத்தம் பதினான்கரை மணி நேரம். காலை 9 மணிக்குத் தொடங்கினால் இறுதி ஆட்டம் முடியும்போது மணி இரவு பதினொன்றரை. அதுவும் மழை, கரண்ட் கட், தகராறு எதுவுமே இல்லாமல்.

“32 அணி, ஒரே களம், முழு நேர ஆட்டம், அன்றைக்கே பரிசளிப்பு” என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கே போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நடு இரவில் வந்து “இனிமேல் அஞ்சு நிமிஷம்தான்” என்று ஆட்ட நேரத்தை வெட்டுவார்கள். முதல் சுற்றில் 15 நிமிடம், காலிறுதியில் 5 நிமிடம் என்று ஆடினால் அது ஒரே போட்டியே இல்லை. “ரெண்டு களம் போட்டிருக்கோம், 24 அணிக்கு மேல எடுக்கல” என்று பதில் வந்தால் அந்தக் குழுவுக்கு அப்போதே ஒரு குறி போடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நுழைவுக் கட்டணத்தை, உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் ஆட்டங்களால் வகுத்துப் பாருங்கள். 600 ரூபாய் வாங்கும் நாக் அவுட்டில் உறுதி ஒரே ஆட்டம். 900 ரூபாய் வாங்கி நான்கு அணிக்கு ஒரு பிரிவாக லீக் வைத்தால் உறுதி மூன்று ஆட்டம். ஆட்டத்துக்கு 300 ரூபாய்தான். கற்றுக்கொள்ளப் போகும் அணிக்கு இரண்டாவதுதான் மலிவு.

படி 3: சீட்டுக் குலுக்கலையும் எடை பார்ப்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள்

குலுக்கல் எல்லாக் கேப்டன்களும் பார்க்க நடக்க வேண்டும். முதல் நாள் இரவே யாரோ ஒருவர் வீட்டில் எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டினால் அந்த வரிக்குப் பூஜ்யம்.

அணிகளின் எண்ணிக்கை 8, 16, 32 என்று அமையாதபோது சில அணிகளுக்கு ‘பை’ வரும், அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகலாம். எத்தனை வர வேண்டும் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். 21 அணி வந்தால், 32-இலிருந்து 21-ஐக் கழியுங்கள், 11 பை. மீதி 10 அணி மோதி, 5 அணி வென்று, 11-உடன் சேர்ந்து 16 ஆகும். இந்தப் 11 பையும் பட்டியலின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டுக்கும் பிரிந்து போயிருக்கிறதா, எல்லாமே சீட்டில் விழுந்தவைதானா என்று பாருங்கள். உள்ளூர் அணிக்கு ஒரு பை விழுந்தால் அது அதிர்ஷ்டம். ஊரின் ஏ அணி, பி அணி இரண்டுக்கும் குலுக்காமலே பை கொடுத்தால் அதை அப்படியே நோட்டில் எழுதுங்கள்.

எடை மெஷினைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எடை அச்சிட்ட, பிரிக்காத அரிசி மூட்டை ஒன்றை அன்னதானப் பந்தலிலிருந்து வாங்கி ஏற்றிப் பாருங்கள். 65 கிலோ பிரிவில் ஒரு கிலோ வித்தியாசம் என்பது பாடி வருபவரை மடக்கும் ஒரு நல்ல கவர் ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்துவிடும். எடை பார்த்தவர் கையில் குறி வைத்து அனுப்புகிறார்களா என்பதும் முக்கியம். இல்லையென்றால் எடை பார்த்தது ஒருவர், ஆடுவது வேறொருவர் என்று ஆகிவிடும்.

படி 4: தரையை அளந்து பாருங்கள்

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய கோடு) ஆண்களுக்கு 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் லைன் இன்னும் ஒரு மீட்டர். இரண்டு பக்கமும் லாபி (ஓரப் பட்டை) ஒரு மீட்டர். டேப்பை வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரு பாதியும் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண் தரையில் இது அடிக்கடி தவறுகிறது.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் ஒரு நடை நடந்து வாருங்கள். கல் குத்துகிறதா, மண் கிளறித் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று காலுக்கே தெரியும். தேவனாம்பட்டினம் போலக் கடற்கரையோர ஊர்களில் மணல் ஆழமாக இருக்கும், ரெய்டர் (எதிரணிப் பாதிக்குள் பாடிப் போகிறவர்) திரும்பும்போது கால் புதையும். பண்ருட்டிப் பக்கச் செம்மண் காய்ந்தால் முழங்காலைத் தேய்த்துவிடும். கோடு எதனால் போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சுண்ணாம்புப் பொடி கண்ணிலும் சிராய்ப்பிலும் பட்டால் எரித்தெடுத்துவிடும். கோலமாவு போதும், விலையும் குறைவுதான்.

படி 5: நடுவரை ஒரு பாதி முழுக்கக் கவனியுங்கள்

நீங்கள் ஆடாத ஆட்டமாகப் பார்த்து உட்காருங்கள். பந்தைப் பார்ப்பது போல ரெய்டரைப் பார்க்க வேண்டாம். கண் நடுவர்கள் மேலேயே இருக்கட்டும். விதிப்படி ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் வேண்டும். ஊர்ப் போட்டியில் ஆறு பேர் கிடைப்பது சிரமம்தான். மூன்று பேர் இருந்தாலும் யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

முதலில் போனஸ், அதாவது போனஸ் லைனைத் தாண்டிக் கால் வைக்கும் ரெய்டருக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளி. எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போதுதான் போனஸ் உண்டு. ரெய்டர் ஒரு காலைப் போனஸ் லைனைத் தாண்டி வைக்கும் அந்த நொடியில் மற்ற கால் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். இது கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடியும். நடுக்கோட்டிலேயே நின்றுகொண்டு ஒருவர் போனஸுக்குக் கை தூக்கினால் அவர் பின்காலைப் பார்த்திருக்க வழியில்லை. கோட்டுக்கு நேராகப் போய்க் குனிந்து பார்ப்பவர்தான் நடுவர்.

அடுத்து, அவுட் ஆனவர்கள் உட்காரும் இடம். எந்த வரிசையில் வெளியே போனார்களோ அந்த வரிசையில்தான் உள்ளே வர வேண்டும். எதிரணி ஆள் ஒருவர் அவுட் ஆகி ஒரு புள்ளி கிடைத்ததும், மூன்றாவதாக அவுட் ஆன நல்ல ரெய்டர் முதலில் எழுந்து ஓடுவார். “நீ உட்காரு, அவன் வரட்டும்” என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா? இந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு போட்டியின் ஒழுங்கைச் சொல்லிவிடலாம். நம் பக்கத்துப் போட்டிகளில் தகராறு பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ரெய்டுக்கு 30 விநாடி. போனில் நீங்களும் ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளூர் அணிக்கும் வெளியூர் அணிக்கும் விசில் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும்படி பலகையில் ஏற வேண்டும். மைக்கில் மட்டும் சொன்னால் போதாது. சமநிலையில் முடிந்தால் என்ன செய்வார்கள் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள். அணிக்கு ஐந்து ரெய்டு, அதிலும் சமம் என்றால் வெற்றியை முடிவுசெய்யும் கோல்டன் ரெய்டு என்று சட்டென்று பதில் வர வேண்டும்.

படி 6: பாதுகாப்பு. இதில் சலுகை கிடையாது

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கபடிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் களத்தில் சுருண்டு விழுந்து உயிரிழந்தார். நம் மாவட்டத்தில் நடந்த சாவு அது. அதற்குப் பிறகும் முதலுதவிப் பெட்டிகூட இல்லாமல் போட்டி நடத்துகிறவர்களிடம் நம் பிள்ளைகளை அனுப்பக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பார்க்க வேண்டியவை: முதலுதவி தெரிந்த ஒருவர் களத்தை விட்டு நகராமல் இருக்கிறாரா? ஒருவர் மயங்கி விழுந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சி யாருக்காவது உண்டா? 108 வந்தால் களம் வரை வண்டி நுழைய வழி இருக்கிறதா, இல்லை பலூன் கடையும் பைக்குகளும் வழியை அடைத்திருக்கின்றனவா? கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம்? புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மருக்கு எந்த வழி? “காயம் பட்டா என்ன ஏற்பாடு?” என்று குழுவில் உள்ள ஒருவரிடம் கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது” என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

பந்தல் கால், விளக்குக் கம்பம், பார்வையாளர் கயிறு எல்லாம் கோட்டிலிருந்து குறைந்தது நான்கு எட்டு நடக்கும் தூரம் தள்ளி இருக்க வேண்டும். இரவு ஆட்டமென்றால் விளக்கு ரெய்டரின் கண்ணில் நேராக அடிக்கிறதா பாருங்கள். பெண்கள் அணி வருகிறது என்றால் உடை மாற்ற அறை, கழிப்பறை, அவர்கள் ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்றையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். கடைசிப் பேருந்து போன பிறகு பெண்கள் ஆட்டத்தை வைப்பது திட்டமிடாத குழுவின் அடையாளம்.

படி 7: மதிப்பெண் போடுங்கள்

மொத்தம் நூறு. நான் பிரிக்கும் விதம் இது: நடுவர் 30, நேரம் 20, பாதுகாப்பு 20, குலுக்கலும் எடையும் 15, தரை 10, பரிசு 5. பரிசுக்கு வெறும் ஐந்துதானா என்று கேட்பீர்கள். அந்த ஐந்தும்கூடத் தொகைக்கு அல்ல, சொன்ன தொகையை அன்றைக்கே முழுதாகக் கையில் கொடுக்கிறார்களா என்பதற்கு.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ‘அ’ போட்டி, பெரிய பரிசு, ஒரே களம். நடுவர் 15, நேரம் 8, பாதுகாப்பு 8, குலுக்கல் 9, தரை 6, பரிசு 5, மொத்தம் 51. ‘ஆ’ போட்டி, சின்னப் பரிசு, இரண்டு களம். 24, 15, 16, 12, 6, 3, மொத்தம் 76. வித்தியாசம் எங்கே வருகிறது என்று பாருங்கள்: தரை இரண்டிலும் ஒன்றுதான், ‘ஆ’ பெரிதாக முந்துவது நடுவரிலும் நேரத்திலும் பாதுகாப்பிலும். இன்னொரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் பத்துக்குக் கீழே போனால் மற்ற மதிப்பெண்களைக் கூட்டவே வேண்டாம், அந்தப் போட்டி பட்டியலில் இல்லை. மேலே ‘அ’ அப்படித்தான் அடிபடுகிறது.

கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் மேட் போட்டு நடக்கும் மாவட்டப் போட்டியையும் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாப் போட்டியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஊர்ப் போட்டியை ஊர்ப் போட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். பாதுகாப்பு வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

படி 8: இரண்டு பேர் தனித்தனியாகப் போடுங்கள்

தோற்ற கோபத்தில் நடுவருக்கு ஐந்து மதிப்பெண்ணும், ஜெயித்த மகிழ்ச்சியில் இருபத்தெட்டும் போடுவது மனித இயல்பு. அதனால் களத்தில் நடந்ததை மட்டும் அங்கேயே எழுதுங்கள்: “இரண்டாவது ஆட்டம், பாதி 15 நிமிடம், ஏழாவது ஆட்டம், பாதி 8 நிமிடம்” என்பது போல. மதிப்பெண்ணை மறுநாள் போடலாம். அணியில் ஆடாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் தனியாக இன்னொரு தாளில் போடட்டும். இரண்டு தாளும் பெரிதாக வேறுபடும் வரியை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

ஐந்தாறு தாள் சேர்ந்ததும் பக்கத்து ஊர் அணிகளோடு மாற்றிக்கொள்ளுங்கள். விழாக் குழுவுக்கும் ஒரு நகல் கொடுங்கள். குறையை நேரில், மரியாதையாக, நேரமும் ஆட்ட எண்ணும் சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் குழுக்கள் நிறையவே உண்டு; அவர்களும் கபடி மேல் உள்ள ஆசையில் கைக்காசு போட்டு நடத்துகிறவர்கள்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: விழாக் குழு ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் 76 வாங்கிய ஊர்தான் என்றாலும், பணம் கட்டும் முன் அந்த நான்கு கேள்வியையும் மறுபடி கேட்டுவிடுங்கள்.